ஊர் டீமுக்கு 13 பேர் போதுமா? பெஞ்ச் எதற்கு?

வள்ளம்_14:

எங்கள் ஊர் கொல்லங்கோட்டுக்குக் கீழே, கடற்கரையில். மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பொழியூர், அதாவது கேரளா. நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரைக்கும் இந்தக் கரையில் பந்து உதைக்காத ஊர் கிடையாது. பொழியூரை சந்தோஷ் டிராபி கிராமம் என்றே சொல்வார்கள், மாநில டீம்கள் மோதுகிற அந்த ஃபுட்பால் கோப்பையில் ஆடியவர்கள் அங்கே அத்தனை பேர். நான் கேட்கப்போவது அந்த அளவு ஆட்டக்காரர்களைப் பற்றி இல்லை. ஞாயிற்றுக்கிழமை லெவன்ஸ் டூர்ணமெண்டுக்குப் போய் வருகிற சாதாரண ஊர் டீம் எங்களுடையது.

விஷயம் இதுதான். போன சீசனில் லிஸ்டில் 17 பேர். இந்த முறை 13 போதும் என்று கமிட்டியில் பேச்சு. செக்ரட்டரி அண்ணன் ஒரு நோட்டில் கணக்கே எழுதிக்கொண்டு வந்திருந்தார்: ஜெர்சி, வேன் வாடகை, ஆட்டம் முடிந்து பரோட்டா. "பதினோரு பேரு களிக்கானுவ. மாத்தி எறக்க ஒரு கோல்கீப்பர், ஒரு சப்பு. மிச்ச நாலு பேரும் சாயா குடிக்கவா வாறானுவ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

எனக்கு இதில் சொந்த வழக்கு உண்டு, மறைக்கவில்லை. அடுத்த வாரம் கமிட்டி மறுபடியும் கூடுகிறது. "பாவம், பையன்கள் மனசு கஷ்டப்படும்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. வெளியே உட்கார்ந்திருக்கிறவனால் டீமுக்கு என்ன லாபம் என்று சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் எப்படி?

பாறசாலை_பேக்:

செக்ரட்டரி சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. நாங்கள் 18 பேர் வைத்துப் பார்த்தவர்கள். லிஸ்டில் பெயர் ஏறியதும் பாதிப் பேர் பிராக்டிஸுக்கு வருவதை நிறுத்திவிட்டான். மேட்ச் அன்றைக்கு மட்டும் புது பூட்டோடு வந்து நிற்பான். இறக்கவில்லை என்றால் ராத்திரி வாட்ஸ்ஆப் குரூப்பில் கச்சேரி. அவன் கோச்சுக்கு மச்சான், இவன் கமிட்டிக்காரர் மகன் என்று விடியும்வரை ஓடும். 13 பேர் என்றால் ஒவ்வொருத்தனுக்கும் தன் இடம் தெரியும், வராமல் இருக்கவும் பயப்படுவான்.

ஹைரேஞ்ச்_8:

மூணாறில் இருந்து எழுதுகிறேன், எஸ்டேட் டீம். பாறசாலை அண்ணே, நீங்கள் 13 என்று எழுதினால் உங்களுக்கு 13 பேரும் வந்துவிடுவார்கள் போல. எங்களுக்கு 13 எழுதினால் கிரவுண்டில் ஒன்பது பேர் நிற்பான். கொழுந்து அதிகம் வருகிற நாளில் ஃபாக்டரி ஷிஃப்டை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். எஸ்டேட் டீம்கள் மோதுகிற ஃபின்லே கப் நேரத்தில் ஒவ்வொரு டிவிஷனிலும் லயம் லயமாகச் சனம் இறங்கி வந்து பார்க்கும், அப்போது மட்டும் ஆள் பஞ்சமே இருக்காது. மற்ற நாளில் ஆளைத் தேடி மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க வேண்டும்.

கோலி விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஒரு மேட்ச், நல்ல மழை, மஞ்சு இறங்கி எதிர் கோல் போஸ்டே தெரியவில்லை. எங்கள் கோலிக்கு விரல் பிசகிவிட்டது. மாற்றுக் கோலி கிடையாது. டிஃபென்ஸ் நடுவில் நிற்கிற ஸ்டாப்பர் பையனைக் கொண்டுபோய் நிறுத்தினோம். நனைந்த கிளவுஸ் அவன் கையில் ஏறவே இல்லை, ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் மாட்டினான். கோலிக்கு ஜெர்சி நிறம் வேறாக இருக்க வேண்டுமே, அதையும் கோலி உடம்பில் இருந்து உரித்து இவனுக்குப் போட்டோம். பிறகு இரண்டு கோல் வாங்கினோம். இரண்டிலும் அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவன் வழக்கமாக நிற்கிற ஸ்டாப்பர் இடம் காலியாகக் கிடந்தது, பந்து அந்த வழியாகத்தான் வந்தது. ஒரு சப் இல்லாமல் போனால் ஓட்டை ஒன்றோடு நிற்காது.

பாறசாலை_பேக்:

அதனால்தான் அவர்கள் 13இல் ஒரு மாற்றுக் கோலியை வைத்திருக்கிறார்கள். அது வரைக்கும் எனக்கும் சம்மதம்.

விசில்_தாத்தா:

தம்பிமாரே, நான் நாகர்கோவில் பக்கம் நெடுநாள் விசில் ஊதியவன். சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் சண்டையைத் தொடருங்கள்.

ஏழு பேருக்குக் கீழே போனால் ஆட்டத்தைத் தொடங்கவும் கூடாது, தொடரவும் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. ஆட்கள் முழுசாக வராமல் எட்டு ஒன்பது பேரோடு ஆட்டத்தைத் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஆட்டக்காரர், சப் எல்லார் பெயரும் முன்னாலேயே தர வேண்டும் என்று டூர்ணமெண்ட் விதி இருந்தால், லிஸ்டில் பெயர் இருக்கிறவன் மட்டும்தான் பிந்தி வந்து சேரலாம். பெயர் இல்லாதவன் பூட்டு கட்டிக்கொண்டு லைனில் நின்றாலும் உள்ளே விட முடியாது. எத்தனை பேர் என்னிடம் வந்து கெஞ்சியிருக்கிறார்கள் தெரியுமா. பஸ் பிந்திவிட்டது சார், இவன்தான் சார் எங்கள் மெயின் ஃபார்வேர்டு. நான் என்ன செய்ய? பேப்பரில் பெயர் எழுத மை மட்டும்தான் செலவு.

அதிகாரப்பூர்வப் போட்டியில் மாற்றக்கூடிய உச்ச எண்ணிக்கை ஐந்து. 2020இல் கொரோனா காரணமாகத் தற்காலிகமாக வந்தது, 2022இல் நிரந்தரம் ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை என்று அந்த டூர்ணமெண்ட் தீர்மானிக்கும். டிவியில் பார்த்துவிட்டு மூன்று தடவைதான் நிறுத்தி மாற்றலாம் என்று என்னிடமே வாதாடுகிறார்கள். அந்தக் கட்டுப்பாடு முதல் டிவிஷன் கிளப்புகளின் சீனியர் அணிக்கும் தேச அணிகளுக்கும். நமக்கு இல்லை.

வள்ளம்_14:

தாத்தா, ரொம்ப நன்றி. எங்களுக்கு இதுதான் முதல் பிரச்சினையே. டீமில் பாதிப் பேர் கொச்சியில் இருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். போனால் ஒரு மாசம் ஆவது சாதாரணம். சனிக்கிழமை கரை சேருவோம் என்று போன் வரும், திங்கட்கிழமைதான் வந்து சேருவார்கள். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் படகு கட்டிக் கிடக்கும், எல்லாரும் ஊரில், ஆனால் அப்போது மழை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயத்து டூர்ணமெண்டுகளில் யார் கரையில் இருப்பார்கள் என்று அந்தோணியாருக்கே தெரியாது. 13 பெயரை இப்போதே எழுதி ஜெர்சி அடித்துவிட்டால், அதில் ஐந்து ஜெர்சி லட்சத்தீவு பக்கம் இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை_கோலி:

ஹா ஹா. ஐந்து ஜெர்சி லட்சத்தீவு பக்கம்!

பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி எங்கள் ஊர். இங்கே பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ்தான் அதிகம். உங்கள் செக்ரட்டரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கெஸ்ட் பிளேயருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? மலப்புறம் பக்கம் செவன்ஸுக்கு ஆப்பிரிக்காவில் இருந்தே ஆள் வருகிறார்கள், அது வேறு உலகம், அங்கே டிக்கெட் வசூல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம்ம ஊர் கமிட்டியும் செமிஃபைனல் வந்தால் ஒரு கெஸ்டைக் கூப்பிடும். அவன் ஒரு ராத்திரிக்கு வாங்குகிற பணத்தில் நாலு ஜெர்சி தாராளமாக அடிக்கலாம். சீசன் முழுக்கப் பெஞ்சில் இருந்தவன் அன்றைக்கும் பெஞ்சில். அடுத்த வருஷம் அவன் பக்கத்து ஊருக்கு ஆடுவான், உங்களுக்கு எதிராகவே.

அப்புறம், சப் என்றால் இரண்டாம் தரம் என்று நினைக்கிறவர்கள் 2022 சந்தோஷ் டிராபியை மறந்துவிட்டார்கள். மஞ்சேரியில் செமிஃபைனல், கேரளா கர்நாடகத்திடம் ஒரு கோல் பின்தங்கி நிற்கிறது. முப்பதாவது நிமிஷத்தை ஒட்டி ஜெஸின் சப்பாக இறங்கினார். ஐந்து கோல் அடித்தார். ஏழுக்கு மூன்று என்று முடிந்தது. ஃபைனலில் பெங்கால் முன்னால் போனபிறகு, எக்ஸ்ட்ரா டைமின் கடைசியில் சமன் செய்த சஃப்னாதும் சப்பாக வந்தவர்தான். அதற்கப்புறம் டைபிரேக்கரில், அதாவது பெனால்டி அடித்துத் தீர்ப்பதில், கேரளாவுக்கு 5-4. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் கொண்டுவந்த கப் அது.

பாறசாலை_பேக்:

தம்பி, அது மாநில டீம். ஒன்றாகக் கேம்ப் போட்டு, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக ஓடியவர்கள். ஜெஸின் அன்றைக்கு எந்த டீமிலும் முதல் பதினொன்றில் ஆடக்கூடியவர். நம்ம ஊரில் 15ஆம் ஆள் யார்? கல்யாணம் ஆனபிறகு பூட்டைத் தொடாத ஒருத்தன், பிளஸ் டூ படிக்கிற ஒரு பொடியன். அவர்களை இறக்கி ஐந்து கோல் எதிர்பார்க்க முடியுமா? பெரிய ஆட்டத்து உதாரணத்தைச் சின்ன ஆட்டத்துக்குக் கொண்டு வராதீர்கள்.

சித்தூர்_டீச்சர்:

பாறசாலை அண்ணா சொல்வது சரிதான், ஆனால் அதில் இருந்தே வேறு இடத்துக்குப் போகலாம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எல்லாரும் மேட்ச் நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். 15ஆம் ஆளின் வேலை செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

லிஸ்டில் 13 பேர் இருந்தால் பிராக்டிஸுக்கு எட்டு ஒன்பது பேர் வருவார்கள். எட்டுப் பேரை வைத்து என்ன செய்ய முடியும்? நாலுக்கு நாலு ஆடலாம், பாஸ் போட்டுப் பழகலாம். கார்னரை எப்படித் தடுப்பது என்று பழக முடியாது, ஏனென்றால் கார்னர் அடிக்க எதிரில் ஆள் இல்லை. 17 பேர் இருந்தால் 12, 14 பேர் வருவார்கள். ஒரு பக்கம் டிஃபென்ஸ், ஒரு பக்கம் அட்டாக் என்று பிரிக்கலாம். உங்கள் ஃபார்வேர்டு ஞாயிற்றுக்கிழமை கோல் அடிக்கிறான் என்றால், வாரம் முழுக்க அவனை மறித்த ஒரு சுமாரான பேக் இருக்கிறான். அவன் பெயர் நோட்டீஸில் வராது.

பிளஸ் டூ படிக்கிற பொடியன் என்றீர்களே, அவன் இரண்டு வருஷம் கழித்து யாராக இருப்பான் என்று பாருங்கள் அண்ணா.

ஹைரேஞ்ச்_8:

டீச்சர் சொன்னதற்கு ஒரு கும்பிடு.

குழித்துறை_பிசியோ:

தொழில் பிசியோதெரபி, ஆட்டம் பழசு. இரண்டு விஷயம்.

முதலாவது, சப்பை எப்படி இறக்குகிறீர்கள் என்பது. ஒருத்தன் பிளாஸ்டிக் நாற்காலியில் அறுபது நிமிஷம் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு இருப்பான். திடீரென்று "டேய், கேறுடா" என்று சத்தம். டீ ஷர்ட்டைக் கழற்றி ஜெர்சியை மாட்டி நேராக உள்ளே. முதல் ஓட்டத்திலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். பின்தொடைத் தசை சூடேறாமல் முழு வேகத்தில் இழுபட்டால் அப்படித்தான் ஆகும். அப்புறம் "சப்பை இறக்கி ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று கமிட்டி சொல்லும். செகண்ட் ஹாஃப் தொடங்கியதும் பெஞ்ச் முழுக்க கோல் போஸ்டுக்குப் பின்னால் போய் மெல்ல ஓட வேண்டும். இறக்குவதற்கு முன் சில நிமிஷமாவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். காசு செலவில்லாத காரியம்.

இரண்டாவது, தலை அடி. 2014 உலகக் கோப்பை ஃபைனலில் ஜெர்மனியின் கிராமருக்கு 17ஆவது நிமிஷத்தை ஒட்டித் தலையில் அடி விழுந்தது. மைதானம் நிறைய டாக்டர்கள் இருந்தும் 31ஆவது நிமிஷம் வரை ஆடினார். ரெஃப்ரியிடம் போய் "இதுதான் ஃபைனலா?" என்று கேட்டார், அப்புறம்தான் வெளியே எடுத்தார்கள். அவருக்குப் பதிலாக வந்த ஷுர்லே கொடுத்த பந்தைத்தான் 113ஆவது நிமிஷத்தில் கோட்ஸே கோல் ஆக்கினார். கோட்ஸேயும் சப்.

நம்ம கிரவுண்டில் டாக்டர் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரும் ஐஸும்தான். இரண்டு பேர் தலை முட்டி விழுந்தால் முகத்தில் தண்ணீர் அடித்து, "ஒண்ணுமில்ல, எழும்பு" என்று நிறுத்திவிடுகிறோம். ஏன்? மாற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான். பெஞ்சில் மூன்று பேர் இருந்தால் அவனை உட்கார வைப்பது சுலபமான முடிவாகிவிடும். ஒரே ஒரு சப் என்றால் கேப்டன் இருபது தடவை யோசிப்பான், அடிபட்டவனும் நான் சரியாகத்தான் இருக்கிறேன் என்று பொய் சொல்வான். சந்தேகம் வந்தாலே வெளியே எடுத்துவிட வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது.

விசில்_தாத்தா:

பிசியோ தம்பி சொன்னதோடு பழைய கதை இரண்டு. 1956 எஃப்.ஏ. கப் ஃபைனலில் மான்செஸ்டர் சிட்டி கோலி டிராட்மன் கழுத்து எலும்பு முறிந்த நிலையில் ஆட்டம் முடியும்வரை நின்றார். அப்போது சப் என்ற ஏற்பாடே இல்லை. உலகக் கோப்பையில் சப் வந்தது 1970இல், இரண்டு பேர் வரை மாற்றலாம். அதே உலகக் கோப்பையின் செமிஃபைனலில் மேற்கு ஜெர்மனி இரண்டையும் தீர்த்துவிட்டது. பெக்கன்பாவர் தோள்பட்டை பிசகி, கையை உடம்போடு கட்டிக்கொண்டு எக்ஸ்ட்ரா டைம் முழுக்க ஆடினார். இதை எல்லாரும் வீரம் என்று புகழ்வார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் வெளியே இன்னொரு ஆள் இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

பாறசாலை_பேக்:

சரி, தலை அடி விஷயத்தில் பிசியோ அண்ணன் சொன்னது மறுக்க முடியாதது. மூன்று சப் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் முதலில் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பெயர் மட்டும் கொடுத்துவிட்டு பிராக்டிஸுக்கு வராதவனை என்ன செய்வது? உட்கார வைத்த கோபத்தில் ஊரையே இரண்டாக்குகிறவனை என்ன செய்வது?

கொழிஞ்சாம்பாறை_கோலி:

முதல் கேள்விக்கு எங்கள் ஊர் வழி: வருகைப் பதிவு. கேப்டன் கையில் ஒரு சின்ன நோட். அந்த வாரம் பிராக்டிஸுக்கு வராதவன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் ஆட்டத்தைத் தொடங்கமாட்டான், பெஞ்சில்தான். தொடங்கிய பதினொன்றில் இருந்த ஒருத்தன் இரண்டு வாரம் வெளியே உட்கார்ந்தால் போதும், பெஞ்ச் பற்றி அவன் பேசுகிற பேச்சே மாறிவிடும். கடலுக்குப் போனவன், ஷிஃப்டில் இருப்பவன் விஷயம் வேறு, அது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு வழி இல்லை அண்ணே. அது ஃபுட்பாலே இல்லாவிட்டாலும் நடக்கும்.

வள்ளம்_14:

பெஞ்சில் இருக்கிறவன் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்லலாமா. கோபம் உட்கார வைத்ததால் வருவதில்லை. ஒன்றும் சொல்லாமல் உட்கார வைப்பதால் வருகிறது. போன சீசனில் ஒரு மேட்ச், மூன்று கோல் முன்னால் நிற்கிறோம், பத்து நிமிஷம் பாக்கி. கோச் எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. வேறொரு நாள், இடைவேளைக்கு முன்னாலேயே என்னைக் கூப்பிட்டு, "அவங்க ரைட் பேக்கைப் பாரு, நம்ம பையன் உள்ள வெட்டுனா அவன் பின்னால திரும்பவே மாட்டேங்கான். உன்னை அங்கதான் எறக்குவேன், அது வரைக்கும் அவனையே பாத்துட்டிரு" என்றார். செகண்ட் ஹாஃப் பாதியில்தான் இறங்கினேன். அவன் ஒவ்வொரு தடவையும் பந்தைப் பார்த்துக்கொண்டு ஆளை விடுகிறான் என்று அதற்குள் எனக்கு மனப்பாடம். முதல் பந்திலேயே அவன் முதுகுக்குப் பின்னால் ஓடிவிட்டேன். கோல் விழவில்லை, கார்னர்தான் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை.

சித்தூர்_டீச்சர்:

இதைத்தான் கமிட்டியில் சொல்லுங்கள் தம்பி.

எங்கள் பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம். சிறுவர் ஆட்டம், மூத்தோர் ஆட்டம், அடிமட்ட ஆட்டம் இவற்றில் வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகலாம் என்று சட்டமே இடம் தருகிறது, தேசிய சங்கம் சம்மதித்தால். நான் லீக் கட்டத்தில் எல்லாரையும் மாற்றி மாற்றி இறக்குவேன். நாக்அவுட் வந்தால் நன்றாக ஆடுகிறவர்கள் முதலில். இதை முதல் நாளே பிள்ளைகளிடமும் அம்மாமாரிடமும் சொல்லிவிடுவேன்.

பாறசாலை_பேக்:

பெரியவர்கள் டூர்ணமெண்ட் எல்லாமே நாக்அவுட்தானே டீச்சர். தோற்றால் வீட்டுக்கு. அதில் எல்லாருக்கும் நேரம் என்று கணக்குப் பார்க்க முடியாது.

கொழிஞ்சாம்பாறை_கோலி:

டைபிரேக்கருக்கு நல்லா பெனால்டி அடிக்கிற ஒருத்தனைப் பெஞ்சில் வைத்தால் போதுமே. 2014 உலகக் கோப்பையில் ஹாலந்து, கோஸ்டாரிக்காவுக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் பெனால்டி தடுக்கக் கோலி க்ரூலை இறக்கியது மாதிரி.

விசில்_தாத்தா:

போதும்தான், ஆனால் நேரம் பார்த்து இறக்க வேண்டும். விசில் ஊதி ஆட்டம் முடிந்த பிறகு, உள்ளே இருந்தவர்கள்தான் பெனால்டி அடிக்கலாம். அதற்கப்புறம் பெஞ்சில் இருந்து ஆளைக் கூப்பிட முடியாது. கோலிக்குத் தொடர முடியாமல் போனால் மட்டும், சப் பாக்கி இருந்தால் மாற்றலாம். க்ரூலை இறக்கியது எக்ஸ்ட்ரா டைம் முடிவதற்குள். இங்கே ஆட்டம் முடிந்ததும் "சார், இவன் அடிப்பான்" என்று ஒருத்தனைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

வள்ளம்_14:

கமிட்டி முடிந்தது. ரொம்ப நேரம் பேசினோம். 13 போய் 16 ஆனது. தாத்தா சொன்ன பெயர்ப் பட்டியல் விஷயமும் பிசியோ அண்ணன் சொன்ன தலை அடியும்தான் செக்ரட்டரி அண்ணனை அசைத்தது. டீச்சருடைய பிராக்டிஸ் கணக்கை நான் சொன்னபோது கோச்சே எழுந்து ஆமாம் என்றார். ஜெஸின் கதைக்குக் கைத்தட்டல் கிடைத்தது, ஆனால் ஓட்டு விழுந்ததாகத் தெரியவில்லை. 😄

ஜெர்சி செலவுக்கு ஒரு வழி: யார் பெயரும் அடிக்காமல் நம்பர் மட்டும். கடலுக்குப் போகிறவன் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அது கிளப் சொத்து. வருகை நோட்டும் உண்டு, கொழிஞ்சாம்பாறைக்கு நன்றி. வேனில் இடம் போதாது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று பேர் பைக்கில் வர வேண்டும், யார் என்று இன்னும் முடிவாகவில்லை. கெஸ்ட் பிளேயர் பேச்சை எடுத்தேன், அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

பாறசாலை_பேக்:

16 அதிகம்தான். ஆனால் பெயர் அடிக்காத ஜெர்சி நல்ல யோசனை, அதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அப்புறம், சீசன் தொடங்கும் முன் எங்கள் டீமோடு ஒரு ஃபிரண்ட்லி ஆடுவோமா? எங்களுக்கு 14 பேர். உங்கள் 16ஐயும் இறக்கிக் காட்டுங்கள், பார்ப்போம்.

வள்ளம்_14:

வாருங்கள் அண்ணே. தாத்தா, ஃபிரண்ட்லியில் எத்தனை சப் வேண்டுமானாலும் மாற்றலாமா?

விசில்_தாத்தா:

இரண்டு டீமும் உச்ச எண்ணிக்கையைப் பேசி முடிவு செய்து, ஆட்டம் தொடங்கும் முன் ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டால் ஐந்துக்கு மேலும் மாற்றலாம். ரெஃப்ரி வேண்டும் என்றால் நானே வருகிறேன், பஸ் செலவு கொடுத்தால் போதும். பெயரெல்லாம் எழுதிக் கொண்டுவாருங்கள், எனக்கு வாசிக்கத் தெரிகிற கையெழுத்தில்.